கடற்பாசி காக்கும் சிறுதீவுகள்

விஞ்ஞானிகள் இட்ட பெயர்களுள் சில, புலவர் எவரேனும் இட்டனவோ என்று ஐயுறத்தக்க அழகுடையன. இரைப்பைக்குப் பின்னால், ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்திற் கிடக்கின்ற சதையி என்னும் உறுப்பினுள்ளே, அங்கங்கே சிதறியிருக்கும் நுண்ணிய கலத்திரள்களுக்கு 'இலங்கர்கானின் சிறுதீவுகள்' என்பது பெயர். 1869ஆம் ஆண்டில், பேர்லின் நகரத்து மருத்துவ மாணவரான போல் இலங்கர்கான் என்பார், தமது 21ஆவது வயதில், முயலின் சதையியை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தபோது இவற்றைக் கண்டார். கண்டதைக் கண்டவாறே எழுதினார். இவற்றின் தொழில் யாதென அவரால் விளக்க இயலவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1893இல், இலாகெசு என்னும் பிரெஞ்சு அறிஞர் இத்திரள்களுக்குக் கண்டவரின் பெயரையே சூட்டிச் சிறுதீவுகள் என்றழைத்தார். சமிபாட்டு நீரைச் சுரக்கும் பெருந்திரளான கலங்கள் கடல்போற் சூழ்ந்திருக்க, இவை மாத்திரம் வேறொரு தொழிலோடு தனித்து நிற்றலின், அப்பெயர் பொருத்தமானதே.

வளர்ந்த மனிதர் ஒருவரின் சதையியில் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுதீவுகள் உள்ளன. அனைத்தையும் திரட்டி நிறுத்தாலும் ஒன்றிரண்டு கிராமுக்கு மேற் போகாது. ஆயினும் அந்த ஒன்றிரண்டு கிராமிலேதான், உண்ட உணவின் இனிப்பை உடம்புக்கு உரமாக்கும் வல்லமை அடங்கியிருக்கிறது. சிறுதீவுகளிலுள்ள பீற்றாக் கலங்கள் குருதியிலுள்ள குளுக்கோசின் அளவை இடைவிடாது அறிந்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு இன்சுலினைச் சுரக்கின்றன. அக்கலங்கள் அழிந்துபோனவர் உண்டும் பட்டினி கிடப்பவர் ஆவர். குருதியில் வெல்லம் நிறைந்திருக்கும். கலங்களோ அதனைப் பெறமாட்டாமல் வாடும்.

அழிந்த சிறுதீவுகளுக்குப் பதிலாக வேறு சிறுதீவுகளை உடம்பினுட் குடியேற்றலாகாதா? குடியேற்றினால் அவற்றைப் பகையினின்றும் காப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடைதேடும் அறிஞர் இன்று கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு களியை நாடி நிற்கின்றனர் என்பதே நான் இங்கு சொல்லவந்த செய்தி.

நம் ஊரும் இந்நோயும்

கல்முனையிலும், அதனை அடுத்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் 'சீனி வருத்தம்' என்ற சொல்லைக் கேளாத வீடு அரிது. நாடு தழுவி 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் எனக் கண்டது. 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வு அத்தொகை ஐவரில் ஒருவரையும் கடந்துவிட்டதெனக் காட்டியது.

ஆனால், சீனி வருத்தம் என்ற ஒரே பெயருக்குள் இருவேறு நோய்கள் மறைந்திருக்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களுள் மிகப் பலருக்கு இருப்பது இரண்டாம் வகை. இவர்களுடைய சதையி இன்சுலினைச் சுரக்கிறது. உடம்பு அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. நாட்செல்லச் செல்லச் சுரப்பும் தளர்கிறது. உணவிலே கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவற்றால் இவர்களுட் பலர் நீண்ட நாள் நலமாக வாழலாம்.

முதலாம் வகையோ பெரும்பாலும் பிள்ளைகளையும் இளைஞரையும் பற்றுவது. உடம்பைக் காக்கப் பிறந்த வெண்குருதிக்கலங்களே, ஏதோ மயக்கத்தால், தம் உடம்பின் பீற்றாக் கலங்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். சீனியை அளவுக்கு மீறித் தின்றதால் வந்ததன்று இது. பெற்றோரின் கவனக்குறைவால் வந்ததுமன்று. இத்தகைய பிள்ளை, வகுப்பிலே நன்றாகப் படித்துக்கொண்டிருக்கையில், அடிக்கடி தண்ணீர் கேட்கும். அடிக்கடி வெளியே போகும். சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். ஆசிரியராயிருப்போர் இக்குறிகளை அறிந்திருத்தல் ஓர் உயிரைக் காப்பதற்குச் சமமாகும். நாம் இங்கு பேசப்போகும் மருத்துவம் முதன்மையாக இப்பிள்ளைகளுக்கு உரியது.

ஊசியின் நூற்றாண்டு

1922ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளை சில மாதங்களில், அல்லது பட்டினி போட்டுக் காத்தால் ஒன்றிரண்டு ஆண்டுகளில், இறப்பது உறுதி. 1889இல் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றியது. நோயின் வேர் சதையியிலுள்ளதென அன்று தெளிவாயிற்று. எனினும் அதன் சாரத்தைப் பிரித்தெடுக்க மேலும் 30 ஆண்டுகளுக்கு மேற் சென்றன. கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற், மக்லியோட், கொலிப் ஆகிய நால்வரின் முயற்சியால் அது கைகூடிற்று. 1922 சனவரி 11ஆம் நாள், 14 வயதுச் சிறுவனான லெனாட் தொம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது போதிய பயன் தரவில்லை. கொலிப் அச்சாரத்தைத் தூய்மை செய்து கொடுக்க, அதே மாதம் 23ஆம் நாள் போட்ட ஊசியிற் பிள்ளை தெளிந்தான். அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இன்சுலின் உயிர் தந்தது. ஆனால் நோயைத் தீர்க்கவில்லை. சிறுதீவு கணந்தோறும் செய்யும் கணக்கை, ஊசி போடும் தாயும் பிள்ளையும் நாளுக்குச் சில வேளை கைக்கணக்காகச் செய்யவேண்டியிருக்கிறது. கூடிப்போனால் வெல்லம் வீழ்ந்து மயக்கம். குறைந்துபோனால் ஆண்டுகள் கழியக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பழுதாகும். ஊசி மருந்து குளிரிலே காக்கப்படவும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதற்கும் அஞ்சியிருந்த வீடுகள் நம் கரையில் உண்டு. மின்சாரம் நின்றால் மற்றவர்க்கு இருட்டு. இன்சுலினால் வாழும் பிள்ளையின் வீட்டிற்கோ அது உயிர்க்கவலை. ஊசிக்கு அப்பாலும் ஒரு வழி வேண்டுமென்று நாம் கேட்பது ஆடம்பரத்துக்காக அன்று.

குடியேற்றத்தின் வரலாறு

அவ்வழியைத் தேடிய முதல் முயற்சி இன்சுலினுக்கும் முந்தியது என்றால் வியப்பாகத் தோன்றும். 1893 டிசம்பரில், இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில், வாட்சன் வில்லியம்ஸ் என்னும் மருத்துவர், நீரிழிவால் இறக்கும் நிலையிலிருந்த 15 வயதுச் சிறுவனின் தோலின்கீழ், ஆட்டின் சதையித் துண்டுகளை வைத்துத் தைத்தார். மூன்று நாட்களிற் பிள்ளை இறந்தான். பிற உடம்பின் இழையத்தை நம் உடம்பு ஏற்காது என்ற உண்மை அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை.

1967இல், அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரத்துப் போல் லேசி என்பார், கொலாசனேசு என்னும் நொதியத்தாற் சதையியைக் கரைத்து, சிறுதீவுகளைச் சேதமின்றிப் பிரித்தெடுக்கும் வழியைக் காட்டினார். அதன் பின்னரே குடியேற்றம் என்ற எண்ணம் கனவுநிலையினின்றும் இறங்கி ஆய்வுகூடத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்ரன் நகரில், ஜேம்ஸ் சபிரோவும் அவர் தோழரும் இறந்தோர் வழங்கிய சதையிகளினின்றும் பெற்ற சிறுதீவுகளை ஏழு நோயாளரின் ஈரல் வாயினாளத்தினுட் செலுத்தினர். எழுவரும் ஊசியை விட்டு விடுதலை பெற்றனர். உலகம் வியந்தது.

வியப்பு அடங்கியபின் இரு முட்டுப்பாடுகள் தெரிந்தன. ஒருவர்க்கு வேண்டிய சிறுதீவுகளைப் பெறப் பலவேளை இரண்டு சதையிகள் வேண்டியிருந்தன. வழங்குவோர் மிகச் சிலர். இஃது ஒன்று. குடியேறிய கலங்களை உடம்பின் படை அழித்துவிடாமல் இருக்க, அப்படையையே அடக்கிவைக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளவேண்டியிருந்தது. இது மற்றொன்று. அம்மருந்துகளால் தொற்றுநோய் எளிதிற் பற்றும், சிறுநீரகம் வருந்தும், புற்றுநோயின் அச்சமும் கூடும். ஊசியை விட்டுவிட்டு அதனினும் கொடிய மருந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க எந்த மருத்துவர்க்கு மனம் வரும்? போதாக்குறைக்கு, எட்மன்ரனில் இம்மருத்துவம் பெற்றோருள் ஐந்தாண்டின் பின்னும் ஊசியின்றி இருந்தவர் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினரே.

ஆகவே வினா மாறியது. படையை அடக்குவதை விட்டு, குடியேறியவர்க்கு ஒரு மதில் கட்டிக் கொடுத்தால் என்ன? உணவும் ஒட்சிசனும் உள்ளே வரவேண்டும். இன்சுலின் வெளியே போகவேண்டும். பகைவர் மாத்திரம் புகலாகாது. அத்தகைய மதிலை எதனாற் கட்டுவது?

வலையும் வலைக்கண்ணும்

நம் கடற்கரையிற் கரைவலை இழுப்போரைக் கண்டவர்க்கு இவ்வினாவின் விடை எளிதில் விளங்கும். வலையின் தொழில் நூலிலே இல்லை. நூலுக்கும் நூலுக்கும் இடையேயுள்ள கண்ணிலே இருக்கிறது. கண்ணின் அளவுக்கேற்பச் சிறியது தப்பும், பெரியது தடைப்படும். ஐதரோஜெல் என்று இரசாயனர் கூறும் நீர்க்களியும் ஒரு வலையே. நீண்ட மூலக்கூற்று இழைகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டு, அவற்றின் இடைவெளிகளில் நீர் நிறைந்து நிற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீராயிருந்தும் ஒழுகாமல் நிற்பது அதன் இயல்பு.

நோன்பு திறக்கும் வேளையில், பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் அருகே தட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும் கடற்பாசித் துண்டு ஒரு நீர்க்களிதான். கடற்பாசியை நீரிற் காய்ச்சி, பாலும் சீனியும் சேர்த்து, ஆறவிட்டு, துண்டு துண்டாக வெட்டிவைக்கும் உம்மாமார், அறிந்தோ அறியாமலோ இத்துறையின் முதற்பாடத்தைச் செய்து காட்டியவராவர். செம்பாசி இனத்தினின்றும் பெறும் அகர் என்னும் பொருள் அங்கே இழையாகிறது. இலங்கையின் களப்புகளில் விளைந்த இத்தகைய பாசியொன்று 'சிலோன் மொஸ்' என்ற பெயரோடு ஒருகாலத்தில் மேனாடு சென்றது.

ஆனால் அகர் இறுகுவதற்கு முதலில் கொதிக்க வேண்டும். கொதிநீரிற் கலம் வாழாது. அதனால் அறிஞர் கபிலநிறப் பாசிகளை நாடினர். அவற்றிலிருந்து கிடைக்கும் அல்ஜினேற்று என்ற பொருளை 1881இல் ஸ்ரான்போட் என்னும் ஆங்கில இரசாயனர் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலைக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலினுட் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் அக்கணமே உருண்டு திரண்டு, வெந்த சவ்வரிசி போன்ற மணியாகிவிடும். நெருப்பு வேண்டா, நச்சுப்பொருள் வேண்டா. அட்டைத் தட்டின் குழிகளில் முட்டைகள் அமர்வதுபோல, இரு இழைகளுக்கிடையே உள்ள குழிகளிற் கல்சியம் அமர்ந்து இழைகளைப் பிணைக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்திலே மாணவர் செய்து பார்க்கத்தக்க சோதனை இது. அச்சொட்டினுள் ஒரு சிறுதீவை வைத்துவிட்டால், அது மென்மையான ஒரு மாளிகையில் உயிரோடு குடியமர்ந்துவிடும்.

நீர்க்களியை உடம்பினுள் வைக்கலாம் என்ற துணிவு பிராக் நகரத்திலிருந்து வந்தது. 1960இல் ஒற்றோ விக்ரர்லே என்பாரும் லீம் என்பாரும் உயிர்ப்பயன்பாட்டுக்கு உரிய செயற்கை நீர்க்களியைப் பற்றி எழுதினர். மறு ஆண்டு நத்தார் விடுமுறையில் விக்ரர்லே தம் பிள்ளைகளின் விளையாட்டுப் பொறிப் பெட்டியைக்கொண்டே ஓர் இயந்திரம் அமைத்து, மென்மையான கண்வில்லைகளைச் செய்தெடுத்தார். 1964இல், மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்துத் தோமஸ் சாங், மெல்லிய சவ்வுறையினுட் கலங்களை வைத்து நிர்ப்பீடனப் படையினின்றும் காக்கலாமென எடுத்துரைத்தார். 1980இல் லிம், சன் என்னும் இருவர் அல்ஜினேற்று மணியினுள் எலியின் சிறுதீவுகளை வைத்து, கண்ணைச் சுருக்குவதற்காக மேலே பொலிலைசீன் என்ற மற்றொரு பொருளைப் பூசி, நீரிழிவுடைய எலிகளின் வயிற்றறையிற் செலுத்தினர். அவ்வெலிகளின் நோய் இரண்டு மூன்று வாரங்கள் நீங்கியிருந்தது. இன்சுலினிலும் பிறபொருளெதிரி என்னும் காவற்புரதம் ஏறத்தாழ 25 மடங்கு பாரமானது. சிறியது போகவும் பெரியது தங்கவும் கண்ணின் அளவை வகுத்தமையே அவ்வெற்றியின் இரகசியம்.

காவல் சிறையான கதை

எலியிற் கண்ட வெற்றி மனிதருக்கு எளிதில் எய்தவில்லை. ஏன்? மதிலைப் பகைவர் உடைத்ததால் அன்று. மதிலை அவர்கள் சூழ்ந்துகொண்டதால். அந்நியப் பொருளொன்று உள்ளே வந்ததை அறிந்தவுடன் உடம்பின் விழுங்கு கலங்கள் அதன் மேல் ஒட்டுகின்றன. பின் நார்க்கலங்கள் வந்து தழும்புபோன்ற தடித்த போர்வையொன்றை நெய்துவிடுகின்றன. மருதமுனைத் தறியில் நெய்த துணியைப்போல நெருக்கமான அப்போர்வையை ஊடுருவி ஒட்சிசன் செல்லமாட்டாது. ஒட்சிசன் தானாகப் பரவிச் செல்லக்கூடிய தூரமோ ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. இயற்கையிற் சிறுதீவுகள் பெரும் போசணையாளர்: சதையியின் நிறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருந்தும், அதற்கு வரும் குருதியில் நூற்றுக்குப் பத்துப் பங்கையும் தாண்டிப் பெறுபவை. அத்தகைய செல்வப் பிள்ளையை மூச்சுத் திணறும் அறையில் அடைத்தால் அது பிழைக்குமா? காவலுக்குக் கட்டிய மதில் சிறையாகி, உள்ளேயிருந்தவர் பசியால் மாண்டனர்.

1994இல் பற்றிக் சூன்-சியோங் என்பார், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நோயாளர் ஒருவருக்கு அல்ஜினேற்று மணிகளிற் சிறுதீவுகளை வைத்து, ஒன்பது மாதத்தின் பின் அவர் ஊசியின்றி இருந்தாரென அறிவித்தார். அவர் முன்னரே மாற்றுச் சிறுநீரகம் பெற்று, படையை அடக்கும் மருந்தை உட்கொண்டு வந்தவர் என்பதால், மதிலின் வலிமை மாத்திரம் எவ்வளவு என்பது அங்கே தெளிவாகவில்லை.

பின்னர் வந்தோர் களியையே திருத்த முனைந்தனர். அல்ஜினேற்றிலுள்ள பாசியின் கழிவுகளும் அழற்சியைத் தூண்டும் எனக் கண்டு, அதனை மிகத் தூய்மையாக்கினர். மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் றொபேட் லாங்கர், டானியல் அன்டர்சன் ஆகியோரின் குழுவினர் பல நூறு வகையாக அல்ஜினேற்றின் இழையை மாற்றியமைத்து ஒவ்வொன்றையும் சோதித்தனர். 2015இல் அக்குழுவினர் ஒரு வியப்பான உண்மையை வெளியிட்டனர்: அரை மில்லிமீற்றர் மணிகளை உடம்பு போர்வையிட்டு மூடுகிறது, ஒன்றரை மில்லிமீற்றர் மணிகளையோ பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சிறியதே நல்லது என்று நெடுங்காலம் நம்பியிருந்த துறையில் இது ஒரு திருப்பமாயிற்று. 2016இல், மாற்றியமைத்த அல்ஜினேற்றினுள் மனித மூலக்கலத்தினின்றும் வளர்த்த பீற்றாக் கலங்களை வைத்து, படையை அடக்கும் மருந்தின்றியே, நீரிழிவுடைய எலிகளை 174 நாட்கள் நோயின்றி வாழச் செய்தனர்.

இவையெல்லாம் மேனாட்டுக்கே உரிய முயற்சிகள் என எண்ணற்க. நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் பிரபா நாயரும், புனே நகரத்துக் கல விஞ்ஞான நிலையத்தின் ரமேஷ் போண்டேயும் தத்தம் குழுவினரோடு கூடி, ஜெலற்றினையும் வேறொரு பல்பகுதியத்தையும் பின்னிய களியில் எலியின் சிறுதீவுகள் வாழுமாவென ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இராமநாதபுரத்து மண்டபம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிக் கட்டைக்கோரை என்னும் கபிலப்பாசியைப் பறித்து விற்கின்றனர். அல்ஜினேற்றின் மூலப்பொருள் அதுவே. பறிப்பவர்க்கு அது நாட்கூலி. தூய்மை செய்யத் தெரிந்தவர்க்கு அது பன்மடங்கு விலைபெறும் மருந்துப் பொருள். இடையிலுள்ள வேற்றுமை கல்வி ஒன்றே.

எவருடைய கலம்?

மதில் அமைந்தாலும் அதனுட் குடியேற எவரை அழைப்பது என்ற வினா எஞ்சுகிறது. இறந்தோர் வழங்கும் சதையிகள் போதா. நியூசிலாந்து அறிஞர் பன்றியின் சிறுதீவுகளை அல்ஜினேற்றில் வைத்து மனிதருக்கு இட்டனர். 1996இல் இடப்பட்ட ஒருவரின் வயிற்றறையில் ஒன்பதரை ஆண்டுகளின் பின்னும் சில கலங்கள் உயிரோடு காணப்பட்டதாக 2007இல் எழுதினர்.

இச்செய்தியைப் படிக்கும் முஸ்லிம் வாசகர் நெற்றி சுருங்குதல் இயல்பே. பலர் நினைத்துப் பாராத உண்மையொன்று உண்டு. 1922இலிருந்து 1980கள் வரை உலகம் குத்திக்கொண்ட இன்சுலின் மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும் வந்ததே. 1982இல் பற்றீரியாவினுள் ஆக்கிய மனித இன்சுலின் வந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. உயிருக்கு இடர் நேருங்கால், வேறு வழியில்லாதபோது, விலக்கப்பட்டதும் தேவையின் அளவுக்கு அனுமதியாகும் என்ற பிக்ஹு விதியைக் கொண்டு மார்க்க அறிஞர் பலர் இத்தகைய வினாக்களை அணுகியுள்ளனர். நோயாளிக்கு நோன்பிலே சலுகை தந்த மார்க்கம் நோயாளியின் உயிரைப் பெரிதாகவே மதிக்கிறது. ஆயினும் 'வேறு வழியில்லை' என்பதை யார் நிறுவுவது? மருந்தின் மூலம் என்ன, அதற்கு மாற்று உண்டா என்பதை மருத்துவர் மறைக்காமற் சொல்லுதலும், மார்க்க அறிஞர் விஞ்ஞானத்தைக் கேட்டறிந்தபின் தீர்ப்புரைத்தலும் வேண்டும். இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமரும் வழக்கம் நம் ஊர்களில் வளரவேண்டும்.

நல்வாய்ப்பாக, விஞ்ஞானமே அவ்வினாவின் கடுமையைத் தணித்து வருகிறது. எந்தக் கலமாகவும் மாறவல்ல மனித மூலக்கலங்களை ஆய்வுகூடத்திற் பெருக்கி, அவற்றைப் பீற்றாக் கலங்களாக வளர்க்கும் வித்தை இன்று கைவந்திருக்கிறது. 2025 யூன் மாதத்தில் வெளியான செய்தி இது: வெர்டெக்ஸ் நிறுவனம் அவ்வாறு வளர்த்த சிறுதீவுகளை முழு அளவிற் பெற்ற 12 பேருள் 10 பேர் ஓராண்டின் பின் ஊசியின்றி இருந்தனர். ஆனால் அவர்கள் மதிலின்றி, படையை அடக்கும் மருந்தோடு இருந்தவர்கள். அதே நிறுவனம், அதே கலங்களை ஒரு காப்புறையினுள் வைத்து, அம்மருந்தின்றிச் செய்த முயற்சியோ போதிய இன்சுலினைத் தரவில்லை. 2025 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. கலம் ஆயத்தமாகிவிட்டது, மதில் இன்னும் ஆயத்தமாகவில்லை. இத்துறையின் இன்றைய நிலையை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. குருதிக்குழாய்கள் படர்ந்து வளர இடங்கொடுக்கும் களி, தானே ஒட்சிசனை வழங்கும் களி, வேண்டும்போது மீட்டெடுக்கத்தக்க இழைவடிவக் களி எனப் பலவாறாக இன்று முயல்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நம் கரையிலுள்ளோர் கொள்ளத்தக்க பயன் யாது?

முதலாவது, ஓர் எச்சரிக்கை. நம்பிக்கை தரும் செய்திகளை விலைக்கு விற்போர் எந்நாளும் உளர். 'மூலக்கல மருத்துவத்தாற் சீனி வருத்தம் அடியோடு போகும்' என்றும், 'இந்தக் குளிகையை உண்டால் ஊசியை எறிந்துவிடலாம்' என்றும் சொல்லுவோரை நம்பி, முதலாம் வகை நோயுடைய பிள்ளையின் இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே குருதி அமிலமாகி உயிர் போய்விடும். இதனை ஒவ்வொரு பாடசாலையிலும், ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சொல்லவேண்டும். நாம் மேலே கண்ட மருத்துவங்கள் யாவும் தேர்ந்த நிலையங்களிற் கணக்கிட்டு நடத்தப்படுவன. உண்மையான விஞ்ஞானி தம் தோல்வியையும் அச்சிட்டு வெளியிடுகிறார். தோல்வியே இல்லாத மருந்தை விற்பவரை ஐயுறுதல் அறிவுடைமை.

இரண்டாவது, பிள்ளைகளைப் பற்றியது. இன்சுலின் குத்திக்கொள்ளும் மாணவியை மறைவிடத்துக்கு அனுப்பி நாணச் செய்யும் வழக்கம் ஒழிதல் வேண்டும். பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவர் என்றஞ்சிப் பெற்றோர் நோயை மறைப்பதும் உண்டு. மறைத்த நோய் முறையாகப் பேணப்படுவதில்லை. முறையாகப் பேணப்பட்டவர் கற்கலாம், தொழில் புரியலாம், மணந்து மக்களைப் பெறலாம். நாளை மதிலோடு கூடிய சிறுதீவுகள் வருமாயின், அவற்றை ஏற்கத்தக்க கண்ணும் சிறுநீரகமும் கொண்டவராக இன்றைய பிள்ளை அந்நாளை அடையவேண்டும். அதற்கு இன்றைய ஊசியே துணை.

மூன்றாவது, கல்வியைப் பற்றியது. கல்முனைக்கு அருகே காரைதீவிற் பிறந்து, கல்முனையிற் கற்ற விபுலானந்த அடிகள், யாழின் நுட்பத்தை ஆராய்ந்த தமிழறிஞர் என்று நாம் போற்றுகிறோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், இரசாயனம் கற்பித்தவர் என்பதையும், 1930களில் தமிழிலே கலைச்சொல்லாக்கும் பணியில் முன்னின்றவர் என்பதையும் நினைப்பவர் குறைவு. சிறுதீவு, பிறபொருளெதிரி, சதையி, இழையம் என்று இக்கட்டுரையில் நான் தயக்கமின்றி எழுத முடிந்ததற்கு, அவரும் அவர்போன்றோரும் இட்ட அடித்தளமே காரணம். ஒலுவிலிலே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. வாசலிற் கடல் இருக்கிறது. கடலிற் பாசி இருக்கிறது. ஊரில் நோய் இருக்கிறது. இம்மூன்றையும் இணைத்து வினாத் தொடுக்கும் மாணவர் ஒருவர் இரசாயனத்திலோ உயிரியலிலோ புகுவாராயின், அவர் தேடுவது பிறநாட்டார் தேடிய பொருளாக இராது. தம் ஊர்ப் பிள்ளையின் விடுதலையாகவே இருக்கும்.

இலங்கர்கான் தாம் கண்ட சிறுதீவுகளின் தொழிலை அறியாமலே 1888இல், நாற்பது வயதில், மறைந்தார். அவற்றின் சாரத்தை எடுக்க அரை நூற்றாண்டு சென்றது. அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு நூற்றாண்டு சென்றது. அவற்றுக்குத் தக்க மதில் கட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை ஊசியைக் கைவிடாதிருத்தல் நோயுற்றார் கடமை. அவ்வூசிக்கு ஓய்வு கொடுக்கும் வழியைத் தேடுதல் கற்பார் கடமை.